புகை டெஸ்டில் கார் தேறவில்லையா? எண்ணைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

கோயமுத்தூர், பொள்ளாச்சியில் பழைய கார் வாங்கி, வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக இந்தப் பக்கம் கொண்டுவருகிறவர்கள் கேரளத்தின் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் நிறையப் பேர். வண்டி நன்றாக ஓடும், ஏசி ஜில்லென்று இருக்கும், பெயிண்ட் பளபளக்கும். புகைச் சான்று முடிந்து டெஸ்டுக்குப் போகும்போதுதான் ஃபெயில் என்று வரும். 2024-இல் கேரளாவில் பிஎஸ் 4, பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைத் தரம்) பெட்ரோல் கார்களுக்கு லாம்டா அளவையும், அதாவது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்கிறதா என்று காட்டும் எண்ணையும், கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு, இந்தப் புகாரோடு பட்டறைக்கு வரும் வண்டிகள் கூடிவிட்டன.

வந்து நின்றதும் பலர் கேட்கிற முதல் கேள்வி, "கன்வெர்ட்டர் மாத்தணுமா?" என்பது. யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். அதற்கு முன்னால் இருக்கும் வேறொரு பழுதுதான் அதைக் கொல்லும். அந்தப் பழுதை விட்டுவிட்டுப் புது கன்வெர்ட்டர் போட்டால், புதியதும் சில மாதங்களில் போய்விடும். அதனால் கீழே சொல்வதை வரிசை மாற்றாமல் பாருங்கள். காசில்லாத வேலை முதலில், கன்வெர்ட்டர் கடைசியில்.

முதலில் எண்களைக் கையில் வாங்குங்கள்

"ஃபெயில்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. சிஓ (கார்பன் மோனாக்சைடு) எவ்வளவு, ஹெச்சி (எரியாத பெட்ரோல், அதாவது ஹைட்ரோகார்பன்) எவ்வளவு, லாம்டா எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஸ்லிப் தராவிட்டால் மெஷின் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் ஸ்லிப்பில் வராமல் போகலாம், திரையில் இருக்கும். அந்த இரண்டும் பின்னால் ரொம்ப உதவும்.

பெட்ரோல் காருக்கான அளவுகள் இவை. பிஎஸ் 4-உம் அதற்குப் பிந்தியதும் என்றால் ஐட்லிங்கில் சிஓ 0.3 சதவீதத்துக்குள்ளும் ஹெச்சி 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை 2500 ஆர்பிஎம் அளவில் பிடித்தால் சிஓ 0.2-க்குள், லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். பிஎஸ் 2, பிஎஸ் 3 வண்டிக்கு சிஓ 0.5, ஹெச்சி 750. அதற்கும் பழைய வண்டி என்றால் சிஓ 3, ஹெச்சி 1500.

இதில் எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பிஎஸ் 4 விதி 2010 ஏப்ரலில் சென்னை, பெங்களூரு போன்ற பெருநகரங்களுக்கு மட்டும்தான் முதலில் வந்தது. நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரலில். அதனால் 2012-இல் வந்த ஒரே மாடல் கார், சென்னையில் பதிவானது பிஎஸ் 4 ஆகவும், கோயமுத்தூரில் பதிவானது பிஎஸ் 3 ஆகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் பிஎஸ் 3 கார் சிஓ 0.45-இல் பாஸ் ஆகும். அதே வருடத்து உங்கள் பிஎஸ் 4 கார் அதே எண்ணில் ஃபெயில் ஆகும். ஆர்சியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இன்னொன்று, சூடேறாத வண்டியில் எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். வீட்டிலிருந்து பக்கத்துச் சந்திக்குப் போய் டெஸ்டுக்கு நிறுத்தினால் நல்ல வண்டியும் ஃபெயில் ஆகும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரை ஒரு நடை ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். வரிசையில் நிற்கும்போது எஞ்சினை அணைக்க வேண்டாம். ஐட்லிங்கிலேயே நெடுநேரம் நின்றாலும் கன்வெர்ட்டர் ஆறிவிடும். உங்கள் முறை வருவதற்கு முன்னால் 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஃபெயில் ஆனால்தான் அது பழுது.

அறிகுறி 1: சிஓ அதிகம், லாம்டா 0.97-க்குக் கீழே

பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். பழைய கார்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். பாலக்காட்டுக் கணவாயில் காற்று அடிக்கிற மாதங்களில் இந்தப் பக்கத்து மண்சாலைகளில் எழும்பும் புழுதிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு செல்லாது. ஃபில்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். ஃபில்டரோடு நிறுத்திவிடவும் கூடாது. எருத்தேம்பதிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், "ஃபில்டர் போன மாசந்தானுங்ணா மாத்துனேன்" என்று உறுதியாகச் சொன்னார். ஃபில்டரும் புதிதாகவே இருந்தது. அதற்கு முன்னால் கிரில் பக்கம் போகிற உறிஞ்சு குழாயைக் கழற்றினால், உள்ளே தேங்காய் நாரைத் திணித்து எலி கூடு கட்டியிருந்தது. நாருக்கு நடுவில் கடலைத் தோல். அதை எடுத்ததும் சிஓ பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. தென்னந்தோப்புக்குள் ஷெட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தக் குழாயைப் பார்க்க வேண்டும். கூடவே வயர்களையும்.

அடுத்தது எஞ்சின் ஆயில். வாங்கிய பழைய காரில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. வியாபாரியின் இடத்தில் நிற்கும் வண்டியைத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். எஞ்சின் சூடேறாது, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? அப்படியானால் அந்த ஆவி எஞ்சினுக்குள்ளேயே திரும்பப் போய் சிஓவை ஏற்றுகிறது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றி, ஒரு நல்ல நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி டெஸ்ட் எடுங்கள். இதோடு தீர்ந்த வண்டிகள் பல.

மூன்றாவதாக எஞ்சின் சூடு. இங்கே ஒரு கெட்ட பழக்கம் உண்டு: "எஞ்சின் சூடாகக் கூடாது" என்று, எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அப்படிச் செய்தால் எஞ்சின் தன் முழுச் சூட்டுக்கு வரவே வராது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜும் விழும். பார்க்கும் வழி சுலபம். அந்தக் கம்ப்யூட்டரின் விவரங்களைப் படிக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். 2013 ஏப்ரலுக்குப் பிந்திய பிஎஸ் 4 கார்களில் போனிலேயே விவரம் வரும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸில் அல்லது சம்பந்தமில்லாத எண்ணில் நின்றால் சென்சார் அல்லது அதன் வயர் போய்விட்டது. அப்புறம் நன்றாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். 85, 90 டிகிரிக்கு வந்து நிற்க வேண்டும். அறுபதைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது, அல்லது உள்ளே இல்லை. புதிது போடுங்கள். எஞ்சின் சூடாகிறது என்ற பழைய புகார் அதன் பிறகு திரும்ப வந்தால் ரேடியேட்டரையும் ஃபேனையும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை எடுத்தது மருந்தே இல்லை.

நான்காவது, பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் சார்கோல் கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு வரும் வழியில் உள்ள பர்ஜ் வால்வு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வால்வில் கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி விரலை வையுங்கள். உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் வால்வு மூடவில்லை, டேங்க் ஆவி எந்நேரமும் உள்ளே போகிறது.

இவ்வளவும் சரி என்றால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார். வழக்கமான நான்கு வயர் சென்சார் என்றால் ஸ்கேனரில் அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பலாக ஆடினாலோ ஒரே இடத்தில் நின்றாலோ, உடனே சென்சார் வாங்க ஓடாதீர்கள். முதலில் வண்டிக்கு அடியில் அதன் வயரைப் பாருங்கள். கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அதைச் சரிசெய்து பாருங்கள். அடுத்து, எஞ்சினுக்கும் சென்சாருக்கும் நடுவில் எக்ஸாஸ்ட் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வெளிக்காற்று நுழைந்தால் சென்சார் "காற்று அதிகம்" என்று பொய் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலை ஏற்றும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மேனிஃபோல்டு பக்கம் டக்டக்கென்று சத்தம் வந்து, சூடேறியதும் அடங்கினால் கசிவு அங்கேதான். இரண்டும் இல்லை என்றால் சென்சாரை மாற்றலாம். ஒரிஜினல் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

இதற்கு மேல் போனால் ஒழுகும் இன்ஜெக்டர், ஃப்யூயல் பிரஷர், மேப் சென்சார் (எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) என்று இருக்கிறது. சூடான எஞ்சினை அணைத்து அரை மணி கழித்து ஸ்டார்ட் செய்யும்போது நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது, பெட்ரோல் வாடை வருகிறது என்றால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வைக்கலாம். பிரஷர் கேஜ் இல்லாமல் பெட்ரோல் லைனில் வீட்டில் கை வைக்காதீர்கள். இந்த இடத்தில் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 2: ஹெச்சி அதிகம், சிஓ சரியாகவே இருக்கிறது

ஏதோ ஒரு சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை. ஐட்லிங்கில் ஸ்டியரிங்கில் லேசான உதறல் இருக்கும். சைலன்சருக்குப் பின்னால் நின்று ஒரு காகிதத்தைப் பிடித்தால், சீராகத் தள்ளாமல் இடையிடையே தட்டுகிற மாதிரி தெரியும்.

பிளக்குகளை எல்லாம் கழற்றி, எந்த சிலிண்டர் எது என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். உலர்ந்த கரி இருந்தால் மேலே சொன்ன முதல் அறிகுறிக்குப் போங்கள். ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வெந்து போயிருந்தால் காற்று அதிகம். பழுப்பு நிறமாக இருந்தும் நுனி தேய்ந்திருந்தால் செட்டாகவே மாற்றிவிடுங்கள்.

பிளக் நன்றாக இருந்தால், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஸ்கேனர் பி 0301 என்ற பழுதுக் கோடை (code) காட்டினால் முதல் சிலிண்டர். அதன் காயிலை எடுத்து இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை இங்கே போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று மேலே தேட வேண்டும்.

ஹெச்சி அதிகமாக இருந்து லாம்டாவும் 1.03-ஐத் தாண்டினால், த்ராட்டிலுக்குப் பின்னால் இருக்கும் வேக்கம் ஹோஸ் கிழிந்து அதன் வழியே கூடுதல் காற்று உள்ளே போகலாம். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) ஐட்லிங்கில் ப்ளஸ் 15, 20 என்று இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் வேக்கம் கசிவு கிட்டத்தட்ட உறுதி. த்ராட்டில் பாடிக்குப் பின்னால் உள்ள எல்லா ரப்பர் ஹோஸ்களையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது வெடிப்பு வாய் திறக்கும், சும்மா பார்த்தால் தெரியாது.

கோயமுத்தூர்ப் பக்கம் எல்பிஜியில் ஓடிய கார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் கேஸில் ஓடியதில் வால்வு சீட் தேய்ந்து, வால்வு கிளியரன்ஸ் இறுகி, வால்வு முழுக்க மூடாமல் போகும். விற்கும்போது கேஸ் கிட்டைக் கழற்றிவிட்டு "பெட்ரோல் வண்டி" என்று கொடுத்திருப்பார்கள். மேனிஃபோல்டில் பிளக் போட்டு அடைத்த துளைகள், டிக்கியில் டேங்க் போல்ட் இருந்த அடையாளம், வயரிங்கில் தொங்கும் எமுலேட்டர் பெட்டி (கேஸில் ஓடும்போது எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் பொய்யான சிக்னல் கொடுக்கும் கருவி) இவற்றில் ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். எமுலேட்டர் பெட்டி ஆக்சிஜன் சென்சாரின் சிக்னலை மறிக்கும் வகையாக இருந்தால், அதை எடுத்து ஒரிஜினல் இணைப்பைக் கொடுக்காதவரை வண்டி எந்த டெஸ்டிலும் நிலையாகத் தேறாது. அதைப் பட்டறையில் எடுக்கச் சொல்லுங்கள். வால்வு கிளியரன்ஸும் கம்ப்ரெஷன் டெஸ்டும்கூடப் பட்டறை வேலைதான். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக இறங்கியிருந்தால் ஹெட் வேலை வரும். அந்தச் செலவுக்குச் சரி சொல்வதற்கு முன்னால் விற்றவரிடம் பேசுங்கள்.

இப்படி நெருப்பு பிடிக்காமல் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டியை "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விடாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதியை உருக்கிவிடும். சில நூறு ரூபாய் பிளக்கைத் தள்ளிப்போட்டால், அது பல ஆயிரம் ரூபாய்ச் செலவில் கொண்டுபோய் நிறுத்தும்.

அறிகுறி 3: சிஓவும் ஹெச்சியும் சேர்ந்து அதிகம், லாம்டா சரி

கலவை சரி, எஞ்சின் சரி, கடைசியில் சுத்தப்படுத்த வேண்டியது சுத்தப்படுத்தவில்லை. இங்கேதான் கன்வெர்ட்டரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் அது ஆறிப்போய் நின்றதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். நன்றாக ஓட்டி, 2500 ஆர்பிஎம்மில் மூன்று நிமிடம் பிடித்தபின் எண்கள் சரசரவென்று இறங்கினால் கன்வெர்ட்டர் உயிரோடுதான் இருக்கிறது.

இறங்காவிட்டால் வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடியில் பாருங்கள். முதல் கேள்வி: கன்வெர்ட்டர் இருக்கிறதா? அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காக அதை அறுத்து எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்த வண்டிகள் சந்தையில் சுற்றுகின்றன. துருப்பிடித்த பழைய பைப் நடுவே மட்டும் புது வெல்டிங் தெரிந்தால் அங்கே நின்று பாருங்கள். டப்பா இருந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். எஞ்சின் ஆறியபின் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கலகலவென்றால் உள்ளே உடைந்திருக்கிறது, வெறும் தகரமாக ஒலித்தால் காலி செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, பின்பக்க ஆக்சிஜன் சென்சார். அது பைப்பில் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். நட்டு மாதிரி ஒரு இரும்புத் துண்டை இடையில் கொடுத்து வெளியே தள்ளி நிறுத்தியிருந்தால், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி 0420 கோடு வராமல் இருப்பதற்காக யாரோ செய்த வேலை அது. அதைக் கழற்றி சென்சாரை நேராகப் போட்டு, சூடான எஞ்சினில் ஸ்கேனரில் பாருங்கள். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் அமைதியாக நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே வேகமாக ஆடினால் அது செத்துவிட்டது.

செத்ததுதான் என்று முடிவானால், ஏன் செத்தது என்று கண்டுபிடித்துவிட்டு வாங்குங்கள்: மிஸ்ஸிங்கா, பெட்ரோல் அதிகமா, ஆயில் எரிகிறதா, கூலன்ட் உள்ளே கசிகிறதா. ஒரிஜினல் விலை வண்டியைப் பொறுத்துப் பல ஆயிரத்திலிருந்து லட்சம் வரை போகும். மலிவாகக் கிடைக்கிற சிலவற்றில் அந்த விலையுயர்ந்த உலோகப் பூச்சு பெயருக்குத்தான் இருக்கும். ஒரு டெஸ்டில் தேறும், அடுத்ததில் தேறாது. எந்த பிஎஸ் தரத்துக்கான பாகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இந்த வேலையை நன்கு தெரிந்த பட்டறையில் மட்டும் செய்யுங்கள்.

அறிகுறி 4: சிஓ, ஹெச்சி இரண்டும் நன்றாக இருக்கிறது, லாம்டா மட்டும் 1.03-க்கு மேலே

கேரளாவில் லாம்டா பார்க்கத் தொடங்கியதும் அதிகம் சிக்கியது இந்த வகை. பல நேரம் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது, சைலன்சர்தான் ஓட்டையாக இருக்கும். வெளிக்காற்று கலந்ததும் மெஷின் அதையும் எஞ்சின் புகை என்று கணக்குப் போடுகிறது.

திரையில் எடுத்த போட்டோ இங்கேதான் உதவும். நல்ல வண்டியில், சூடான கன்வெர்ட்டரோடு, கார்பன் டை ஆக்சைடு 14, 15 சதவீதம் பக்கம் இருக்கும், ஆக்சிஜன் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும். உங்கள் வண்டியில் கார்பன் டை ஆக்சைடு 12, ஆக்சிஜன் 3 என்று இருந்து, எஞ்சினும் உதறாமல் ஓடினால் காற்று வெளியிலிருந்து கலக்கிறது.

டெஸ்ட் மையத்திலேயே பார்க்க வேண்டியது: புகையை எடுக்கும் புரோப் குழாய் சைலன்சருக்குள் 30 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறதா? நுனியில் செருகி வைத்தால் காற்று கலக்கும். சைலன்சர் முனையில் ஸ்டைலுக்காக மாட்டிய குரோம் பைப் அதைத் தடுக்கும், கழற்றிவிடுங்கள். மறுபடி ஒரு முறை வைத்துப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் மறுக்க மாட்டார்கள். மரியாதையாகக் கேளுங்கள், போதும்.

அடுத்தது ஓட்டை தேடுவது. திறந்த வெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் முனையைச் சில நொடி அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து கேட்கட்டும். வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். உஸ்ஸென்று எங்கே சத்தம் வருகிறதோ அங்கே ஓட்டை. ஃபிளாஞ்ச் கேஸ்கெட், நடு மஃப்ளரின் தையல், வளைகிற பின்னல் பைப் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சோப்பு நுரை தடவினால் துல்லியமாகத் தெரியும். சைலன்சர் வெல்டிங் கடையில் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சாரையும் கழற்றி வைப்பது நல்லது.

இந்த ஓட்டையை வெறும் சான்று விவகாரமாகப் பார்க்காதீர்கள். காருக்கு அடியில் கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக் குழந்தைகளை உறங்கவைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டி அது. ஓட்டை எஞ்சினுக்குப் பக்கத்திலோ இருக்கைக்கு அடியிலோ இருந்தால், சரிசெய்கிற வரை ஓட்டவே வேண்டாம்.

எக்ஸாஸ்ட்டில் கசிவே இல்லை, லாம்டா இன்னும் மேலே என்றால் வேக்கம் கசிவு. அறிகுறி 2-இல் சொன்ன டிரிம் சோதனையைச் செய்யுங்கள். டிரிம் ஐட்லிங்கிலும் 2500-இலும் ஒரே மாதிரி ப்ளஸ்ஸில் இருந்தால் பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம், அல்லது ஃப்யூயல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். அது பட்டறைக்கு.

அறிகுறி 5: எஞ்சின் லைட் எரியவே இல்லை, ஆனாலும் ஃபெயில்

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எஞ்சின் லைட் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால் மீட்டருக்குப் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். சரியாக எரிந்து அணைந்தாலும் ஸ்கேனரில் "ரெடினெஸ்" பக்கத்தைப் பாருங்கள், கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்று அது காட்டும். பாதிக்கு மேல் முடியவில்லை என்று காட்டினால், விற்பதற்கு முன்னால் கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். எந்தக் கோடு திரும்பி வருகிறதோ அதுதான் மறைத்த பழுது.

அறிகுறி 6: டீசல் வண்டி, புகை அளவு அதிகம்

மெஷின் காட்டும் புகை அடர்த்தி எண்ணுக்கு, பிஎஸ் 4-க்கு முந்திய டீசலில் 2.45, பிஎஸ் 4-இல் 1.62 என்பது எல்லை.

டீசல் டெஸ்டில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து எஞ்சினை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோவார்கள், அதுவும் பல முறை. வாங்கிய பழைய வண்டியில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாமல் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். ஆயில் அளவையும் பார்த்துவிட்டே டெஸ்டுக்குக் கொடுங்கள்.

கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர், அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸ். ஹோஸ் இணைப்பில் ஆயில் ஈரம் படிந்து, அதில் புழுதி ஒட்டியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. கிளாம்ப்பை இறுக்கினாலே பல நேரம் தீரும். அடுத்தது புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு, கழற்றினால் கரி அப்பிக் கிடக்கும். நகரத்துக்குள்ளேயே ஓடிய வண்டி என்றால் டெஸ்டுக்கு முன்னால் வாளையார் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் 3000 ஆர்பிஎம் வைத்து, வேக வரம்புக்குள் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பைப்பில் படிந்த கரி போய்விடும். இன்ஜெக்டரும் டர்போவும் டீசல் லேப் வேலை, வீட்டில் தொடாதீர்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங். நேராகப் பட்டறைக்கு.

பிஎஸ் 6 டீசல் என்றால் சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் நன்றாக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரி அப்பினால் டிபிஎஃப் உடைந்திருக்கிறது, அல்லது எடுத்துவிட்டார்கள்.

அறிகுறி 7: எண்கள் சரி, சான்று மட்டும் கிடைக்கவில்லை

இது கம்ப்யூட்டர் பதிவில் உள்ள தப்பு. வாகனப் பதிவில் எரிபொருள் "பெட்ரோல், எல்பிஜி" என்று இருந்து வண்டியில் கிட் இல்லாமல் போனாலும், பிஎஸ் தரம் தவறாகவோ காலியாகவோ இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும். பொள்ளாச்சிப் பதிவு என்றால், வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குவதற்கு முன்னாலேயே அங்கே திருத்திவிடுங்கள். கேரளப் பதிவுக்கு மாற்றிய பிறகு அலைச்சல் கூடும். போன் நம்பரும் பழைய உரிமையாளருடையதாகவே கிடக்கும், பெயர் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

சிலர் "வண்டியை வையுங்க, நான் வாங்கித் தர்றேன்" என்று சான்றை மட்டும் வாங்கிக் கொடுப்பார்கள். வேண்டாம். பழுது வண்டியில் அப்படியே இருக்கும், பெட்ரோலை வீணடிக்கும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது பிள்ளைகள் மூக்குக்கு நேராகப் புகை விடும்.

இன்னும் வாங்கவில்லை, பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை நீங்களே ஒரு டெஸ்ட் மையத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் எண்களை எடுங்கள். பழைய சான்று இன்னும் ஆறு மாதம் செல்லும் என்று காட்டினாலும் எடுங்கள். வாங்கிவிட்டீர்கள், எண்கள் அறிகுறி 3-ஐக் காட்டுகின்றன, கன்வெர்ட்டர் அறுத்திருக்கிறது என்றால் வெல்டிங் வைத்த இடத்தைப் போட்டோ எடுத்து, ஃபெயில் ஸ்லிப்போடு விற்றவரிடம் முதல் வாரத்திலேயே போய் நில்லுங்கள். நாள் கடந்தால் "நீங்கள் எடுத்திருப்பீர்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.